கண்ணாடித் தொட்டிக்கும் ஒரு கலிங்கு வேண்டும்

பாகூர் ஏரிக்கரையில் நடந்தவர்கள் மதகையும் அறிவார்கள், கலிங்கையும் அறிவார்கள். மதகு, மனிதன் திறந்தால் திறக்கும், மூடினால் மூடும். கலிங்குக்கோ காவலரே தேவையில்லை. ஏரி நிறைந்ததும் மிகுநீர் தானாகவே அதன் வழியே வழிந்து வெளியேறும். ஊர் உறங்கும் நள்ளிரவிலும் கரையைக் காத்து நிற்பது அதுதான். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, வரம்பு மீறிய நீர் என்ன செய்யும் என்பதைப் பாகூர்க் கொம்யூன் மக்கள் கண்ணாரக் கண்டார்கள்.

ஏரிக்குரிய இந்த இலக்கணம் வீட்டுக் கூடத்து மீன்தொட்டிக்கும் பொருந்தும் என்றால் வியப்பாக இருக்கிறதா, வாசக நேயர்களே?

பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்ய அமர்ந்தபோது விரலருகே வந்து நீந்திய மீன்களே நம்மில் பலருக்கு முதல் நட்பு. அந்த ஆசைதான் பின்னாளில் கண்ணாடித் தொட்டியாக வீட்டுக்குள் வருகிறது. ஆனால், மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா அதற்கே நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் குடியிருக்க விரிவான இடம் தருவதே, தொட்டியின் அடியில் வைக்கும் கீழ்த்தொட்டி. நம் வீடுகளில் தரைக்கடியில் கட்டும் 'சம்ப்' என்ற பெயரையே இதற்கும் வழங்குகிறார்கள்.

மேலிருந்து கீழே நீர் தானே இறங்க வேண்டும். கீழிருந்து மேலே மோட்டார் ஏற்ற வேண்டும். இறங்கும் வழியில்தான் பலர் தவறுகிறார்கள். தொட்டியைத் துளையிட அஞ்சி, விளிம்பில் வளைகுழாயைத் தொங்கவிடுகிறார்கள். மின்சாரம் நிற்கும் நேரத்தில் அதற்குள் காற்று புகுந்துவிட்டால், மின்சாரம் திரும்பிய பின் மோட்டார் மட்டும் ஓடும், நீர் இறங்காது. ஃபஜ்ருக்கு எழுபவர் கால் வைக்கும் இடம் குளமாகியிருக்கும். ஈரத் தரையில் மின்கம்பி கிடந்தால் நேரும் ஆபத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

நீரின் மட்டத்தைத் தானே இயங்கும் கருவியால் அடக்கும் கலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் வளைகுழாய்களையும் மிதவைத் தடுக்கிதழ்களையும் கொண்ட பல கருவிகளை விவரித்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியதோ அவற்றினும் எளிது: ஒரு துளை.

துளையிடும் முறை

முதலில் கண்ணாடியின் இனத்தை அறிய வேண்டும். டஃப்பன்ட் கண்ணாடியைத் துளையிடவே கூடாது. நொடியில் தூள்தூளாகச் சிதறிவிடும். ஐயமிருந்தால் செய்து கொடுத்தவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

சாதாரணக் கண்ணாடியாயின், வெறுந்தொட்டியின் பின்புறக் கண்ணாடியில், மேல்விளிம்பை ஒட்டி இடம் குறிக்க வேண்டும். துளைக்கும் விளிம்புக்கும் இடையே, துளையின் விட்டத்தளவு இடைவெளியேனும் இருக்கட்டும். துளையின் அளவை டேங்க் நிப்பிளின் மரையை அளந்த பின்னரே முடிவு செய்க. குறித்த கண்ணாடி கீழே வருமாறு தொட்டியைப் படுக்கவைத்து, அதன் அடியில் மரப்பலகை கொடுக்க வேண்டும். குறித்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டி நீர் ஊற்ற வேண்டும்.

வைரத் துகள் பதித்த வட்டத் துளைப்பானை மெதுவான வேகத்தில் ஓட்டுக. அழுத்த வேண்டாம், கருவியின் எடையே போதும். நீர் வற்றினால் சூடேறிக் கண்ணாடி விரிசல் காணும். கடைசி மில்லிமீட்டரில் கையை இன்னும் இலேசாக்குக. நீர் சூழ்ந்த வேலையாதலால் பேட்டரியில் ஓடும் டிரில்லே பாதுகாப்பானது. கண்ணுக்குக் கவசம் அணிக. குழந்தைகளை அருகில் விடாதீர்.

குழாயும் கணக்கும்

டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷர் தொட்டியின் உட்புறம் அமைய வேண்டும். கையால் இறுக்கினால் போதும். ஸ்பானரால் முறுக்கிக் கண்ணாடியை உடைத்தவர் பலர். ஏறும் குழாய் அரை அங்குலமாயின், இறங்கும் குழாய் ஒன்றே கால் அங்குலமாகட்டும். துளையின் வாயில் சல்லடை வைத்தால் மீனும் இலையும் புகா. சல்லடையும் ஒருநாள் அடைபடும். ஆகவே சற்று உயரத்தில் இரண்டாவது துளையும் குழாயும் வைப்பதே அறிவுடைமை. அதுதான் கலிங்கு.

இனி, கீழ்த்தொட்டியின் கணக்கு. 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில், ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 4 லிட்டர் நீர் நிற்கும். மோட்டார் நின்றதும், ஏறும் குழாயின் வாய் மூழ்கியிருக்கும் ஆழம் வரை நீர் பின்னோக்கி இறங்கும். 5 சென்டிமீட்டர் இறங்கினால் 20 லிட்டர்! குழாய்களில் தங்கிய நீரையும் சேர்த்துக் கீழே 25 லிட்டருக்காவது வெற்றிடம் வேண்டும். ஏறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையிட்டால், காற்றுப் புகுந்து அந்த ஓட்டம் விரைவில் அறும். பாசி அதை அடைக்காதபடி மாதந்தோறும் பார்த்துக்கொள்க.

கீழ்த்தொட்டியை மூன்று அறைகளாகத் தடுக்கலாம். முதலறையில் அழுக்கைப் பிடிக்கும் பஞ்சு, நடுவறையில் நுண்ணுயிர் குடியேறும் பீங்கான் வளையங்கள், கடைசியில் மோட்டார். நுண்ணுயிர் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன்களைக் கூட்டமாக விட வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும், மீன் விடும் முன் முற்றத்திலேயே மூன்று சோதனைகள் செய்க. ஒரு நாள் முழுதும் நீர் நிரப்பிக் கசிவு பார்க்க. ஓடும் மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்திக் கீழ்த்தொட்டி வழிகிறதா எனப் பார்க்க. முதல் துளையைக் கையால் அடைத்து, இரண்டாவது துளை சுமை தாங்குகிறதா எனப் பார்க்க. மூன்றிலும் தேறினால் மட்டுமே உள்ளே கொண்டு செல்க.

ஒரு பூனையைக் கட்டிவைத்து உணவும் தராமல், அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஏரியில் உள்ள மீன் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். நாம் அடைத்த மீனுக்கு நாம் வைத்த வழியைத் தவிர வேறு வழியில்லை. அழகுக்காகத் தொட்டி வாங்கும் நாம், அதன் உயிர்களுக்காக முதலில் வழியை அமைப்போம். பிறகு மீனை விடுவோம்.