தாராசிங்கும் என் அப்பாவும்

"நீ என்ன பெரிய தாராசிங்கா?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை என் தலைமுறையில் இருக்க முடியாது. கொஞ்சம் பருமனாக இருந்தால் "கிங்காங்" என்பார்கள். அந்த இருவரும் மோதியதை நேரில் கண்டவர்களில் அடியேனும் ஒருவன்.

சென்ற மாதம் அல்சூரில் எங்கள் வீட்டில் பேரன் தொலைக்காட்சியில் குஸ்தி பார்த்துக்கொண்டிருந்தான். நான் தாராசிங் கதையை ஆரம்பித்ததும் சிரித்தான். "எல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்கறது தாத்தா. உங்க தாராசிங்கும் அப்படித்தான்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஏனெனில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே வார்த்தையை நான் என் அப்பாவிடம் சொன்னேன்.

அந்த மல்லர்களின் வரலாறு சுவையானது. பஞ்சாபில் அமிர்தசரஸ் மாவட்டத்தில் தர்மூசக் கிராமத்தில் 1928-ல் பிறந்தவர் தாராசிங். 1947-ல் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போனார். பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பழகினார். எதிராளி கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா. ஹங்கேரி நாட்டுக்காரர், சுமார் 400 பவுண்டு எடை. அவரும் பிறந்த நாட்டை விட்டு வந்து சிங்கப்பூரை ஊராக்கிக் கொண்டவர். வயிற்றுப் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் இருவரும், நம்மைப் போலவே!

அறுபதுகளில் சென்னையில் இவர்கள் மோதிய ஒரு நாள், அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். தாராசிங் கிங்காங்கைத் தூக்கிப் போட்டபோது கூட்டம் எழுப்பிய ஓசை இன்றும் காதில் இருக்கிறது. 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்று தாராசிங் உலகப் பட்டம் பெற்றபோது, அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

பிறகு நாங்கள் பெங்களூர் வந்தோம். அப்பா சிட்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். கல்லூரிக்குப் போன நான், நாலு எழுத்து படித்த திமிரில், "அந்த ஃப்ரீ ஸ்டைல் குஸ்தியெல்லாம் நாடகம்பா. உங்களை ஏமாத்தியிருக்காங்க" என்றேன். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை என்னைப் பேட்டையில் ஒரு கரடி மனைக்கு அழைத்துப் போனார். பயந்துவிடாதீர்கள், நம் ஊர்க் கரடிக்கூடம்தான் அது! எண்ணெய் கலந்து பதப்படுத்திய செம்மண் குழியில் பையன்கள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தார்கள். "முதல்ல விழத்தான் சொல்லிக் கொடுப்பேன். சரியா விழத் தெரியாதவன் கழுத்தை உடைச்சுக்குவான்" என்றார் உஸ்தாத். "இது மெத்து மண். காசுக்கு ஆடுறவங்க விழறது பலகை மேல" என்றும் சொன்னார்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் நிற்கும்போதுதான் அப்பா வாய் திறந்தார்.

"யார் ஜெயிக்கணும்னு பேசி வெச்சிருக்கலாம்டா. எனக்கும்தான் சாயங்காலம் என்ன கூலின்னு காலையிலேயே தெரியும். அதனால மூட்டையோட கனம் குறைஞ்சிடுதா?"

1989-ல் அமெரிக்காவின் பெரிய குஸ்தி நிறுவனமே, இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. 2007-ல் அதே மேடையில் இமாசலப் பிரதேசத்து கிரேட் காலி பட்டம் வென்றபோது நம் பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

கிங்காங் 1970-ல் கார் விபத்தில் பட்ட காயங்களால் மறைந்தார். தாராசிங் 1983-ல் ஓய்வு பெற்று, இராமாயணத் தொடரில் அனுமனாக வந்து, 2012 ஜூலை 12 அன்று காலமானார். அப்பா அதற்கு வெகு முன்பே, தேய்ந்த முதுகெலும்போடு போய்ச் சேர்ந்தார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கொள்ளுத் தாத்தா எத்தனை கிலோ மூட்டை தூக்குவார்?" என்று கேட்டான்.

"நூறு கிலோ" என்றேன்.

தாராசிங்கைப் பற்றி அதன் பின் அவன் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான்.