செடியோடு சேர்த்து மண்ணையும் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்

சிறு பிள்ளைகளோடு வீட்டுத்தோட்டம் செய்ய வேண்டும் என்பதற்கு நாம் பல காரணங்கள் சொல்வோம். மரக்கறி விலை, நஞ்சில்லாத உணவு, கைத்தொலைபேசியிலிருந்து கொஞ்சம் ஓய்வு. எல்லாம் சரியானவைதான். ஆனால் பதுளை, பண்டாரவளை, வெலிமடை, ஹல்துமுல்ல போன்ற மலைச்சரிவுகளில் வாழும் குடும்பங்களுக்கு இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இங்கே ஒரு பிள்ளை செடியைப் பற்றிப் படிப்பது, தான் குடியிருக்கும் மண்ணைப் பற்றிப் படிப்பதுமாகும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகளும் இருந்தனர். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும், போவதற்கு வேறு காணியில்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் தருவது அதிகாரத்தில் இருப்பவர்களின் கடமை. பிள்ளைகள் போடும் பாத்தி அதற்கு ஈடாகாது. ஆனால் மலை தரும் அடையாளங்களை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளை வளர்ப்பது எமது கையில் இருக்கிறது.

அதை ஒரு போஞ்சி விதையிலிருந்து தொடங்கலாம். ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் ஈரத்தாளை வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் விதையைச் செருகி விடுங்கள். சில நாட்களில் முதலில் வேர் கீழே இறங்கும். பிறகு தண்டு மேலே எழும். அப்போது கோப்பையைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஓரிரு நாளில் வேரின் நுனி மறுபடியும் கீழ்நோக்கி வளையும், தண்டு மேல்நோக்கித் திரும்பும். செடி எப்போதும் நேராக நிற்கவே பார்க்கும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் கண்ணால் கண்டுகொள்ளும்.

இந்தச் சின்னப் பாடத்துக்குள் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. இதுவரை நேராக நின்ற மரமோ மின்கம்பமோ காற்றில்லாமலே சாய்கிறது என்றால், அதன் அடியிலுள்ள மண் நகர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், இல்லாத இடத்தில் திடீரென ஊற்று, இருந்த ஊற்று வற்றிப்போதல், தெளிவாக வந்த நீர் கலங்கி வருதல் ஆகியவையும் மண்சரிவின் முன்னறிகுறிகளே. தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும் பிள்ளையின் கண்ணில் இவை எளிதில் படும். "வாப்பா, கொய்யா மரம் சாஞ்சிருக்கு" என்று பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காமல் போய்ப் பாருங்கள்.

அடுத்த பாடம் தண்ணீர். இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களைப் படுக்க வைத்து, மேற்பக்கத்தை வெட்டி மண் நிரப்புங்கள். ஒன்றில் வேரோடு பெயர்த்த புல்லை வையுங்கள். மற்றதை வெறும் மண்ணாக விடுங்கள். வாய்ப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால், புல் உள்ளதிலிருந்து ஓரளவு தெளிந்த நீர் வரும். வெறும் மண்ணிலிருந்து சேறு வரும். தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டுவது ஏன், பாத்தியை மேலிருந்து கீழாக அல்லாமல் குறுக்காகப் போடுவது ஏன் என்பதெல்லாம் இதற்குப் பிறகு தானாகப் புரியும். பாத்தியின் ஓரத்தில் வெட்டிவேரோ கிளிசிரிடியாவோ வரிசையாக நட்டால் மண் கழுவிப்போவது குறையும். வெட்டிவேரின் வேர் நல்ல மண்ணில் 3 மீற்றர் வரையும் இறங்கக்கூடியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புல்லும் செடியும் மேல்மண்ணைத்தான் பிடிக்கும். ஆழத்திலிருந்து சரியும் மலையை அவை நிறுத்தமாட்டா. எல்லா வீட்டுத்தோட்டமும் நல்லதென்றும் இல்லை. இடம் போதாது என்று வீட்டின் பின்புறச் சரிவை வெட்டி எடுப்பதும், புல்லை முழுதாகச் செதுக்கி விடுவதும், குசினித் தண்ணீரைச் சரிவில் தேங்க விடுவதும் ஆபத்தை வீட்டுக்கு அழைப்பதாகும். இடம் குறைந்த வீட்டில் நான்கு சாடிகளில் மிளகாயும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் போதும்.

மூன்றாவது பாடம் மழையை அளப்பது. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரப்பேணியைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து, கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருப்பது, 100 என்றால் வெளியேறத் தயாராவது, 150 என்றால் வெளியேறுவது என்பதே மண்சரிவு அபாயப் பகுதிகளுக்குச் சொல்லப்படும் அளவு. பேணி அளவு பிள்ளையின் பயிற்சிக்குத்தான். வெளியேறுமாறு அதிகாரிகள் அறிவித்தால் அளந்துகொண்டிருக்கக் கூடாது. மழை குறைவென்றாலும் வெடிப்போ கலங்கிய நீரோ தெரிந்தால் தாமதிக்கவும் கூடாது.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பதை எமது பிள்ளைகள் மத்ரஸாவிலேயே கேட்டு வளர்கிறார்கள். மலைநாட்டில் அதோடு அண்டை வீட்டாரின் உரிமையும் சேர்கிறது. நாம் விடும் தண்ணீர் கீழ்வீட்டுக்குத்தான் போகிறது. எமது பாத்தியில் தங்காத மண் அவர்களின் வாசலில்தான் விழுகிறது. கீழே யார் குடியிருந்தாலும் இதுதான் நிலை.

ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெருமழைக் காலம். அதற்கு முன்னுள்ள விடுமுறை நாளொன்றில் பிள்ளையின் கையில் ஒரு போஞ்சி விதையையும் ஒரு கொப்பியையும் கொடுங்கள். பிறகு வீட்டைச் சுற்றி ஒருமுறை பிள்ளையோடு நடந்து, எந்த மரம் எப்படி நிற்கிறது, தண்ணீர் எந்த வழியால் ஓடுகிறது, அவசரத்தில் எந்தப் பாதையால் போக வேண்டும் என்று காட்டிவிடுங்கள்.