பனியில் ஓடலாமா?

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஜனவரி மாதம் மைனஸ் 10 டிகிரி சர்வசாதாரணம். அப்போதும் ஏரிக்கரையில் ஆட்கள் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். 'நுரையீரல் உறைஞ்சு போயிடாதா?' என்று அங்கே போயிருக்கும் நீங்கள் பயப்படலாம். உறையாது. மூக்கும் தொண்டையும் காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே அனுப்புகின்றன. ஆனால் ஆஸ்துமாக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

குளிரைவிட மோசம், வியர்வை. நனைந்த பருத்தி பனியன் (நம்ம ஊருக்கு அதுதான் சுகம்!) உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் போடுங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிரணும். கதகதப்பாக இருந்தால் ஒரு துணி அதிகம் என்று அர்த்தம். முதலில் எதிர்காற்றில் ஓடுங்கள். வியர்த்துத் திரும்பும்போது காற்று முதுகில் படட்டும்.

மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால், மூடாத தோல் 30 நிமிடத்தில் உறைந்துவிடலாம். விரல் வெளுத்து மரத்துப்போனால் உடனே வீட்டுக்குள் வாருங்கள். தேய்க்கவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரிதான். ஹீட்டரில் காட்டாதீர்கள். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துபோகும்!