வேவு பார்க்கப் போனால் வண்டிச்சத்தம் யார் கொடுப்பது?

ராஜா மாறுவேடம் போட்டு நகர்வலம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். இன்று அந்த வேலையை ஜவுளிக்கடை முதலாளிகளும் ஓட்டல் முதலாளிகளும் செய்கிறார்கள். ஆனால் தாங்களே போவதில்லை. கூலிக்கு ஆள் அனுப்புகிறார்கள்!

அந்த ஆளுக்குப் பெயர் "மர்ம வாடிக்கையாளர்". கடைக்குப் போவார். சேலை விலை கேட்பார். ஒன்று வாங்குவார். சிப்பந்தி முகம் கொடுத்துப் பேசினாரா, பில் ஒழுங்காகக் கொடுத்தாரா, கடை சுத்தமாக இருந்ததா என்று பார்ப்பார். வீடு திரும்பி அறிக்கை எழுதி அனுப்புவார். அவர் யார் என்று கடைச் சிப்பந்திகளுக்குத் தெரியாது.

வேலை சுலபம்தான். சிக்கல் எங்கே? போகிற வழியில்!

பாதிக் கூலி காலி

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, பெசன்ட் நகர் கடற்கரையில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். அங்கிருந்து ஒரு பெண், தியாகராய நகர்க் கடை ஒன்றைப் பார்த்து வர ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலி 400 ரூபாய். தூரம் 8 கி.மீ.

2013-ல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம், முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய். அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய். அதன்படி பார்த்தாலே ஒரு வழிக்கு ஏறக்குறைய 100 ரூபாய். (அந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ கிடைத்தால்!) போக வர 200. பாதிக் கூலி காலி.

பஸ்ஸில் போகலாமே? சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே மாதம் வந்தது. காசு மிச்சம்தான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

மீன்காரப் பெண்கள் கணக்கு

இந்தக் கணக்கு குப்பத்து மீன்காரப் பெண்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கரையில் மீன் குறைந்தால் காசிமேட்டுக்குப் போய் வாங்கி வரவேண்டும். வண்டிச்சத்தம் முழுவதும் கூடையில் உள்ள மீன்களின் தலையில்தான் ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது கூடையில் மீன் குறைவு. வண்டிச்சத்தமோ குறைவதில்லை! ஒவ்வொரு மீனுக்கும் பங்கு கூடிவிடுகிறது.

மர்ம வாடிக்கையாளருக்கும் இதே கதைதான். ஒரே ஒரு கடைக்காகத் தியாகராய நகர் போவது, இரண்டே மீனுக்காகக் காசிமேடு போவது மாதிரி. அதே தெருவில் இரண்டு கடை கிடைத்தால், கடைக்கு 100 ரூபாய் செலவோடு போயிற்று.

இங்கே ஒரு கேள்வி. இரண்டு கம்பெனிக்கு இரண்டு கடை பார்த்தால், இருவரிடமும் முழு வண்டிச்சத்தம் வாங்கலாமா? "ஒரு கடைக்கு இத்தனை ரூபாய்" என்று மொத்தமாகப் பேசியிருந்தால் வாங்கலாம். தவறில்லை. "ஆன செலவைக் காட்டு, தருகிறோம்" என்று பேசியிருந்தால் பங்கிட்டுத்தான் கேட்க வேண்டும். ஒரே ஆட்டோ செலவை இரண்டு இடத்தில் காட்டுவது மோசடி!

எதுவானாலும் வீட்டை விட்டுக் கிளம்புமுன் பேசிவிட வேண்டும். கூலி வேறு, வழிச்செலவு வேறு என்று எழுத்தில் வாங்க வேண்டும். போய் வந்த பிறகு கேட்டால் சல்லிக்காசு பெயராது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது. அத்தனை தூரம் போய், கடை பூட்டிக் கிடந்தால்? அறிக்கை இல்லை, ஆகவே கூலி இல்லை என்பார்கள். ஆட்டோக்காரர் அப்படிச் சொல்லமாட்டாரே! அந்த 200 ரூபாய் யாருடையது என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.