தவளையின் மூன்றறை இதயமும் குழந்தைகளின் பிறவி இதயக் குறைபாடும்

பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோரிடம், "தவளைக்கு இருப்பதைப் போல மூன்று அறைகள்" என்று சிலர் விளக்குவதுண்டு. கேட்பவருக்கு இது அச்சத்தையே தரும். இந்த ஒப்புமை ஓரளவு சரி. ஓர் இடத்தில் முற்றிலும் தவறு.

தவளையின் இதயத்தில் இரண்டு மேலறைகளும் ஒரே ஒரு கீழறையும் உள்ளன. உடலிலிருந்து திரும்பும் இரத்தம் வலது மேலறைக்கும், நுரையீரலில் ஆக்சிஜன் பெற்ற இரத்தம் இடது மேலறைக்கும் வருகின்றன. இவ்விரண்டும் ஒரே கீழறையில் இறங்குகின்றன. எனினும் அவை முழுவதுமாகக் கலந்துவிடுவதில்லை. கீழறையின் உட்சுவரிலுள்ள தசை மடிப்புகளும், வெளியேறும் குழாயிலுள்ள திருகு வால்வும் இரத்த ஓட்டங்களைப் பெருமளவு பிரித்து அனுப்புகின்றன.

மேலும், தவளை நுரையீரலை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அதற்கு உதரவிதானம் இல்லை. வாய்க்குழியின் தரைப்பகுதியைத் தாழ்த்தி உயர்த்தி, காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. நீருக்குள் இருக்கும்போது ஈரமான தோலே சுவாச உறுப்பாகிறது. இதயத்திலிருந்து செல்லும் ஒரு தமனி நுரையீரலுக்கும் தோலுக்கும் கிளைகளை அனுப்புகிறது. தோலில் ஆக்சிஜன் பெற்ற இரத்தம் உடலின் மற்ற இரத்தத்துடன் சேர்ந்து வலது மேலறைக்கே வருகிறது. ஆகவே தவளைக்கு இரத்தம் கலப்பது குறைபாடன்று. சூழலுக்கேற்ப உடல் வெப்பம் மாறும் உயிரினம் என்பதால் அதன் ஆக்சிஜன் தேவையும் குறைவு.

மனிதக் குழந்தைக்கு இந்த வசதிகள் எவையும் இல்லை. நமது தோல் உடலுக்குத் தேவையான ஆக்சிஜனை அளிக்காது. ஒப்புமை தவறுவது இங்கேதான்: தவளைக்கு இயல்பானது குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகும்.

கருவில் முதல் இரண்டு மாதங்களுக்குள் கீழறைகளுக்கிடையே தடுப்புச் சுவர் உருவாகிறது. அதில் துளை மட்டும் இருப்பின், இரத்தம் இடப்புறத்திலிருந்து வலப்புறம் பாய்ந்து நுரையீரலுக்கு மிகுதியாகச் செல்லும். சிறிய துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. ஒரு கீழறை மட்டுமே முழுமையாக வளர்ந்திருக்கும் நிலை வேறு. அதற்குப் பல கட்டங்களாக அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. உடலிலிருந்து வரும் பெருஞ்சிரைகளை நுரையீரல் தமனியுடன் இணைத்து, அசுத்த இரத்தம் கீழறையைத் தொடாமலேயே நுரையீரலை அடையச் செய்வதே இதன் நோக்கம்.

பள்ளியில் தவளையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு, வெளியே எடுத்த பின்னும் அதன் இதயம் சிறிது நேரம் துடித்தது நினைவிருக்கலாம். துடிப்பு இதயத்திலேயே தோன்றுவதே காரணம். நமது இதயமும் அவ்வாறே. துடிப்பைத் தொடங்கும் திசு வலது மேலறையில் உள்ளது.

பால் குடிக்கும்போது அதிகமாக வியர்த்தல், இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்குதல், எடை கூடாமை ஆகியவை இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டவும். ஆக்சிஜன் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது, ஒற்றைக் கீழறை உள்ள குழந்தைக்குச் சிகிச்சையின் கட்டத்தைப் பொறுத்து மாறும். உங்கள் குழந்தைக்குரிய அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவும். இக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஏற்பட்டால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தக் கூடாது; நீரிழப்பு ஆபத்தானது. உதடு, நாக்கு நீலமாக மாறினாலோ, ஏற்கெனவே உள்ள நீலம் கூடினாலோ, குழந்தை துவண்டாலோ உடனே 108-ஐ அழைக்கவும்.