மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் மறுவாழ்வு

கொச்சி உப்பங்கழியின் கரையில், மட்டாஞ்சேரியின் பஜார் சாலையை ஒட்டி வரிசையாக நிற்கும் பண்டகசாலைகள், மிளகு, ஏலம், சுக்கு முதலிய சரக்குகளின் வாணிபத்திற்கு நெடுங்காலம் உறைவிடமாக விளங்கின. கேரள மக்கள் இவற்றைப் 'பாண்டிகசாலை' என்பர். இவற்றுள் பலவற்றிற்கு ஒரு வாயில் சாலையை நோக்கியும் மற்றொன்று நீரை நோக்கியும் அமைந்திருக்கும். வள்ளங்களில் வந்த சரக்கு நீர்ப்புறத்தில் இறங்கும். முற்றத்தில் உலர்த்தித் தரம் பிரிக்கப்பட்டபின் கிடங்கில் அடுக்கப்படும்.

இந்நிலை 20ஆம் நூற்றாண்டில் மாறியது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி உப்பங்கழி ஆழப்படுத்தப்பட்டு, தோண்டிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. கப்பல்கள் நேரே துறைமேடையை அடைந்தன. பின்னர் சரக்குப் பெட்டக முறை பரவியது. 2011இல் வல்லார்பாடத்தில் பெட்டக முனையம் தொடங்கியது. மட்டாஞ்சேரிக் கிடங்குகள் பல தம் பணியை இழந்தன. இவற்றை இடிப்பதா, சிதைய விடுவதா, வேறு பயனுக்குத் திருப்புவதா என்பதே இன்றுள்ள வினா.

பிரிட்டன் கண்ட வழி

பிரிட்டனின் துறைமுக நகரங்கள் இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டன. 1846இல் திறக்கப்பட்ட லிவர்பூல் ஆல்பர்ட் துறைக் கிடங்குகள் 1972இல் மூடப்பட்டன. சீரமைக்கப்பட்டு, 1988இல் கலைக்கூடம், கடைகள் முதலியவற்றுடன் மீண்டும் திறக்கப்பட்டன. லண்டனில் 1981இல் நின்றுபோன பேங்க்சைடு மின்நிலையம் 2000ஆம் ஆண்டில் 'டேட் மாடர்ன்' கலைக்கூடமாயிற்று. 2016இல் அதனுடன் இணைந்த புதிய கட்டடம், வடிவில் முற்றிலும் புதியதாயினும், பழையதற்கு இசைவாகச் செங்கல்லையே மேற்கொண்டது.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. 1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்தின் வழியே வளர்ந்த பட்டியல் முறை, அரண்மனைகளை மட்டுமன்றி, பயன்பாட்டிலுள்ள கிடங்குகளையும் ஆலைகளையும் காக்கிறது. 1986இல் முடிந்த லாயிட்ஸ் கட்டடம்கூட 2011இல் அதன் முதல் தரத்தில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் தொல்பொருட் சின்னங்கள் சட்டம் பெரும்பாலும் தனிச் சின்னங்களையே நோக்குகிறது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அதன் பாதுகாப்பு உண்டு. அருகிலுள்ள தனியார் கிடங்கின் நிலை வேறு.

கொச்சியின் அனுபவம்

2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி–முசிறி விழா, ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் கலை விழா. அது கிடங்குகளின் பயனை நாட்டிற்கு உணர்த்தியது. 1867இல் தோன்றிய ஆஸ்பின்வால் நிறுவனத்தின் பழைய வளாகம் அதன் முதன்மை அரங்காயிற்று. பின்னர் மட்டாஞ்சேரியின் ஆனந்த் பண்டகசாலை போன்றவையும் அரங்குகளாயின.

இது பொருளாதார நோக்கிலும் பொருத்தமானதே. மூட்டைகளை அடுக்குவதற்கென எழுந்த இக்கட்டடங்களில் தடுப்புச் சுவர்கள் குறைவு, கூடங்கள் விசாலமானவை, எனவே எப்பயனுக்கும் எளிதில் இசையும். இடித்துக் கட்டினால் செலவில் பெரும்பகுதி சிமெண்டுக்கும் இரும்புக்கும் செல்லும். பழுது பார்த்தால் தச்சருக்கும் கொத்தருக்கும் கூலியாகச் செல்லும். ஆயினும் முறையறிந்து செய்தல் வேண்டும். சுண்ணாம்புச் சாந்து பூசிய செம்பூரான் கல் சுவர் ஈரத்தை வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும்.

பிரிட்டனில் பிறந்து, 1989இல் இந்தியக் குடிமகனான லாரி பேக்கர், கேரளத்தில் இவ்வுண்மையையே புதிய கட்டடங்களில் மெய்ப்பித்தார். உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கைத்திறன், பழைய கதவுகளையும் ஓடுகளையும் மீண்டும் பயன்படுத்துதல் ஆகியன அவர் கொள்கைகள்.

மறக்கலாகாத மனிதர்

கிடங்குகளின் வரலாறு வணிகர்களுடையது மட்டுமன்று. ஒரு காலத்தில் துறைமுகத்தில் 'சாப்பா' எனும் உலோக வில்லைகள் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே வீசப்படும். அதைப் பிடித்தவருக்கே அன்றைய வேலை. இம்முறையை எதிர்த்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் துறந்தனர்.

அம்மக்களின் வழிவந்தோர் நெருக்கமான சந்துகளில் இன்றும் வாழ்கின்றனர். சீரமைப்பால் வாடகை உயர்ந்து அவர்கள் வெளியேற நேரிட்டால், சுவர்கள் பிழைக்கும், ஊர் பிழைக்காது. கலை விழா சில மாதங்களில் முடிந்துவிடும். வயிற்றுப்பாடோ ஆண்டு முழுவதும் உண்டு. எனவே சீரமைக்கப்படும் கிடங்குகளில் ஒரு பகுதியை உள்ளூர்த் தொழில்களுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் ஒதுக்குதல், உரிமையாளருக்கு வரிச்சலுகை அளித்தல், இளைஞருக்குச் சுண்ணாம்பு வேலையிலும் மரவேலையிலும் பயிற்சி தருதல் ஆகியவை திட்டத்தின் அங்கங்களாதல் வேண்டும். சரக்கைச் சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு வேலை தரும் கிடங்கே உண்மையில் மறுவாழ்வு பெற்ற கிடங்காகும்.