‘உள்ளபடியே விற்பனை’: பழைய பந்தயக் கார் கியர்பாக்ஸ் வாங்குமுன்

விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘ஹியூலண்ட் கியர்பாக்ஸ், பழைய பந்தயக் காரில் கழற்றியது, நல்ல நிலை, உள்ளபடியே விற்பனை, திருப்பி எடுக்கப்படாது.’ கூடவே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கூட்டின் படம் இரண்டு. விலை பல ஆயிரம் வெள்ளி. வாங்குபவர் ‘நல்ல நிலை’ என்பதைப் பார்த்து மயங்குகிறார், ‘உள்ளபடியே’ என்பதைப் பார்த்துப் பயப்படுகிறார். நாளை வழக்கு என்று வந்தால் அதிகம் பேசப்போகும் சொல் வேறு. ‘ஹியூலண்ட்’ என்ற அந்தப் பெயர்தான்.

பத்து காவானில் இதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஒரு காலத்தில் கரும்பு, பிறகு செம்பனை என்று தோட்டமாகக் கிடந்த செபராங் பிறை தென்பகுதி இது. 2014 மார்ச்சில் பினாங்கின் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறந்த பின் ஆலைகளும் அடுக்குமாடிகளுமாக மாறிவிட்டது. எந்திரம் தெரிந்த கைகள் இங்கே நிறைய. பழைய மினியையோ எஸ்கார்ட்டையோ வீட்டு முன்னால் பிரித்துப் போட்டுவிட்டு வார இறுதியெல்லாம் அதன் அடியிலேயே கிடப்பவர்கள் எல்லாத் தாமான்களிலும் ஒருவராவது உண்டு. பந்தயக் காரும் நமக்கு அந்நியச் சரக்கு அல்ல. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்கள் பறந்தன. ஷா ஆலம் பத்து தீகா தடம் 1968இல் வந்தது. நம்மவர் சன்னி ராஜா 1970களில் அந்தத் தடங்களில் ஓட்டி, இங்கிலாந்து வரை போய் ஃபார்முலா 3 பந்தயத்தில் கலந்துகொண்டார். அந்தக் கால ஃபார்முலா கார்கள் பலவற்றின் பின்புறத்தில் இருந்தது ஹியூலண்ட் கியர்பாக்ஸ்தான். மைக் ஹியூலண்ட் 1957இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட்டில் தொடங்கிய நிறுவனம் அது. வோக்ஸ்வேகன் பீட்டிலின் கியர்பாக்ஸ் கூட்டைத் திருப்பிப் போட்டுப் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றியதில் ஆரம்பித்த கதை.

பழைய சாமான் வாங்குவதும் மலேசியர்களுக்குப் புதிதில்லை. ஜப்பானிலிருந்து முன்பாதியை வெட்டி அனுப்பும் ‘ஹாஃப் கட்’ வியாபாரத்தை நம்பியே எத்தனையோ பட்டறைகள் ஓடுகின்றன. பயன்படுத்திய உதிரிபாக இறக்குமதிக்கு 2011 ஜூன் முதல் தடை வரும் என்று 2009இல் அரசு அறிவித்தது; வியாபாரிகள் எதிர்த்தார்கள், தடை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் ஹாஃப் கட் கடையில் வாங்கும் சாதா கியர்பாக்ஸ் வேறு, பந்தயக் கியர்பாக்ஸ் வேறு. முன்னது கெட்டால் கார் நடுவழியில் நிற்கும். பின்னது கெட்டால் மணிக்கு 180 கிலோமீட்டரில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம்.

என்னென்ன கெடும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உரிமையைக் கேட்கப் போகிறவருக்கு முதலில் குறையைப் பெயர் சொல்லிக் காட்டத் தெரிய வேண்டும். பந்தயக் கியர்பாக்ஸில் சாலைக் காரில் இருப்பதுபோல் மெதுவாகக் கோத்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. டாக் ரிங் என்ற வளையத்தின் தடித்த பற்கள் நேராகப் போய்க் கியரைக் கவ்வும். அந்தப் பற்களின் முனை தேய்ந்து உருண்டுபோனால் கியர் தானாக நழுவும், வளைவின் நடுவில்கூட. படத்தில் இது தெரியாது. மூடியைத் திறந்து, டாக் முனைகளை அருகில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். தர மறுக்கிறார் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது கிரவுன் பினியன், அதாவது கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் பினியன் என்ற சிறியதும். இரண்டும் சேர்த்தே தேய்த்துப் பொருத்தப்பட்ட இணை. இரண்டிலும் ஒரே இணை எண் பொறித்திருக்க வேண்டும். வேறு வேறு இணையிலிருந்து எடுத்துச் சேர்த்தால் முதலில் ஊளையிடும், பிறகு பல் உடையும். கியர் விகிதங்களுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு விகிதமும் இரண்டு பற்சக்கரங்கள் கொண்ட சோடி, பல் எண்ணிக்கை அவற்றின் மேலேயே இருக்கும். சோடி பிரிந்த சக்கரத்தை மேசையில் காகிதம் பறக்காமல் வைத்துக்கொள்ளலாம், வேறு பயன் அதிகமில்லை.

கடைசியில் கூடு. பல மாதிரிகளில் அது மக்னீசியக் கலவை. எடை குறைவு, ஆனால் ஈரம் பட்டால் அரித்துப்போகும். நம் ஊர்க் காற்றின் ஈரம் தெரிந்ததுதானே. பேரிங் உட்காரும் இடத்திலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் ஓடும். மக்னீசியத்தைக் காந்தம் பிடிக்காது. ஆகவே கூட்டுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை, எஃகுப் பற்சக்கரங்களுக்குக் காந்தத் துகள் சோதனை. சோதனைக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதை விலை பேசும்போதே பேசிவிடலாம். இன்னொரு விஷயம்: விரிசலைக் கண்டதும் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். மக்னீசியத் தூளும் சீவலும் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் மூர்க்கமாக எரியும். அந்த உலோகத்தில் வேலை செய்து பழகியவர் மட்டும் தொட வேண்டிய காரியம் அது.

இனி சட்டம். உங்களுக்கு என்ன பாதுகாப்பு என்பது யாரிடம் வாங்குகிறீர்கள், எதற்காக வாங்குகிறீர்கள் என்ற இரண்டையும் பொறுத்தது.

வியாபாரமாகச் செய்பவரிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கினால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன வேலைக்கு உதவ வேண்டும், வர்ணித்தபடி இருக்க வேண்டும். பழைய சாமானுக்கும் இது பொருந்தும். பழசு, விலை குறைவு என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துத் தரம் அளக்கப்படும். ‘உள்ளபடியே’, ‘திருப்பி எடுக்கப்படாது’ என்று எழுதி வைத்து இந்த உத்தரவாதங்களை வியாபாரி கழற்றிவிட முடியாது. ஆனால் ‘மூன்றாம் கியரின் டாக் தேய்ந்திருக்கிறது’ என்று குறிப்பாகச் சொல்லி விற்றிருந்தால் அந்தக் குறையை வைத்துப் பிறகு வழக்காட முடியாது. நேர்மையான கடைக்காரருக்கு இது நல்ல வழி: குறையை எழுதிக் கொடுப்பது அவரையே காக்கும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுவது அதில்தான். நீங்கள் பட்டறைக்காரர், வாடிக்கையாளரின் காரில் பொருத்துவதற்காக வாங்கினீர்கள் என்றால் இந்தச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் பயனீட்டாளர் அல்ல. வாங்கி மறுபடி விற்பவரும் அல்ல. இன்னும் ஒன்று: சாதாரணமாகச் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கப்படும் வகைப் பொருளுக்குத்தான் இந்தச் சட்டம். கலப்பற்ற பந்தயச் சாமான் அந்த வகையா என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. இதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வெளியே தள்ளப்பட்டவருக்கும், தனியாளிடம் வாங்கியவருக்கும் மிஞ்சுவது 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். (பினாங்குக்கும் மலாக்காவுக்கும் இது 1990இல்தான் வந்தது.) இதில் தரம் பற்றிய நிபந்தனை அந்த வகைப் பொருளை வியாபாரம் செய்பவரை மட்டுமே கட்டும். வர்ணனை பற்றிய நிபந்தனையோ விற்பவர் யாராக இருந்தாலும் கட்டும். காரை விற்றுவிட்டு மிச்சச் சாமானைத் தள்ளிவிடும் ஒரு சாதாரண ஆள் ‘ஹியூலண்ட் எஃப்டி 200’ என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்தால் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். பெட்டி தேய்ந்திருக்கிறது என்ற புகாரில் அவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். அதனால்தான் முதலில் சொன்னேன், விளம்பரத்தில் கனமான சொல் அந்தப் பெயர் என்று. மாதிரி, கூட்டிலுள்ள எண், ஒவ்வொரு சோடியின் பல் எண்ணிக்கை, கிரவுன் பினியன் இணை எண், விரிசல் சோதனை நடந்ததா இல்லையா: இவ்வளவையும் ரசீதிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ அவர் கையால் எழுத வைத்துவிட்டால் ‘நல்ல நிலை’ என்ற காற்றுச் சொல்லை நம்பி நிற்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: இந்தச் சட்டத்தின் நிபந்தனைகளை இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு விலக்கிவிட முடியும். எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று படித்துப் போடுங்கள்.

வாங்கிய பெட்டியை உடனே காரில் மாட்டாதீர்கள். குறையுள்ள பொருளை மறுக்கும் உரிமைக்கு நியாயமான கால வரம்பு உண்டு. வாங்கிய பின் வேறு காரணத்தால் சேதப்பட்டாலும், சேதமில்லாமல் கழற்ற முடியாதபடி இன்னொன்றில் இணைத்துவிட்டாலும் அந்த உரிமை போய்விடும். தடத்தில் ஒரு நாள் ஓட்டி உடைந்த பிறகு, குறை முன்பே இருந்ததா உங்கள் காலால் வந்ததா என்று யாரும் நிரூபிக்க முடியாது. திறந்து, படமெடுத்து, அளந்து, பிறகு மாட்டுவது. தனியார் கார் காப்புறுதி பந்தயத்தில் நடக்கும் எதையும் ஏற்காது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்க.

திருட்டுச் சரக்கு பற்றியும் சொல்லியாக வேண்டும். கார் கிராண்டில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கும்; கியர்பாக்ஸ் யாருடையது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. திருடியவருக்கு இது வசதி. உரிமை இல்லாதவரிடம் வாங்கியவருக்குப் பொதுவாக உரிமை வராது, உண்மையான சொந்தக்காரர் வந்து கேட்டால் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றவியல் சட்டம் 411ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. விற்பவரின் அடையாளம், எந்தக் காரில் இருந்தது, அவர் யாரிடம் வாங்கினார் என்று கேளுங்கள். விலை சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருப்பதே நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்விக்கு வழிவிடும்.

பெட்டியே இல்லாமல் படத்தை மட்டும் காட்டி முன்பணம் வாங்கும் கூட்டம் தனி. அபூர்வச் சாமான் என்றால் வாங்குபவர் அவசரப்படுவார் என்று அவர்களுக்குத் தெரியும். பணம் போடும் முன் வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் மோசடிப் புகார் உள்ளதா என்று போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். அன்றைய தேதி எழுதிய தாளை கியர்பாக்ஸ் பக்கத்தில் வைத்து ஒரு வீடியோ கேளுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே 997க்கு அழையுங்கள், தேசிய மோசடித் தடுப்பு மையம் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்கத்தான் அந்த எண். வெட்கத்தில் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனால் பிடிக்க அங்கே பணம் இருக்காது. அழைத்த பிறகு வங்கி, அதன்பின் போலீஸ் புகார்.

இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவரிடம் வாங்கினால் நம் சட்டத்தை அங்கே கொண்டு போய் நிறுத்துவது ஏட்டளவில்தான். அங்கே உங்கள் உண்மையான பாதுகாப்பு பணம் கட்டும் முறை. கடன் அட்டை என்றால் வங்கி வழியே தகராறு எழுப்பலாம். பேபாலில் வாங்குபவர் பாதுகாப்புக்கு 180 நாள் வரை அவகாசம்; ‘நண்பர், குடும்பம்’ என்ற வகையில் அனுப்பினால் கட்டணம் மிச்சம், பாதுகாப்பு பூஜ்யம். விற்பவர் அந்த வகையில் அனுப்பச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இறக்குமதி வரி, கப்பல் கூலி இரண்டையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பேரம்.

விற்பவர் பக்கமும் ஒன்றிரண்டு. எப்போதாவது ஒரு பெட்டி விற்பவர் தனியாள். வாரம் ஒன்று விற்பவர் வியாபாரி, இணையத்தில் விற்றாலும் அப்படித்தான். தொடங்கிய 30 நாளுக்குள் வணிகத்தைப் பதிவு செய்ய வேண்டும். பழைய பொருள் வியாபாரத்துக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். நகலெடுத்துச் செய்த புதுப் பாகத்தை ‘அந்தக் காலத்து அசல்’ என்று விற்றால் 2011ஆம் ஆண்டின் வணிக வர்ணனைச் சட்டம் பாயும், தனிநபருக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ. நகல் விற்பது தப்பில்லை, நகல் என்று சொல்லி விற்க வேண்டும். வாங்க வந்தவர் காட்டும் பணம் போட்ட சீட்டின் படத்தை நம்பிப் பெட்டியை ஏற்றி அனுப்பாதீர்கள். உங்கள் கணக்கில் தொகை வந்ததைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். கழற்றும்போது வடியும் எண்ணெய் அட்டவணைக் கழிவு என்ற வகையைச் சேர்ந்தது. சாக்கடையில் ஊற்றினால் பத்து காவானில் அது சதுப்புநிலக் காட்டுக்குத்தான் போகும்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். காயம், உயிரிழப்பு சார்ந்த கோரிக்கைகள் அங்கே செல்லாது, அவற்றுக்கு நீதிமன்றம்தான். தனியாள் விற்ற பொருளுக்கும் பட்டறைக்காரரின் கோரிக்கைக்கும் அப்படியே. முதல் படிவத்தைப் பூர்த்தி செய்து ரசீது, உரையாடல் பதிவுகள், மாட்டுமுன் எடுத்த படங்கள், சோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களோடு கொடுங்கள். படிவமும் விசாரணையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். எழுதத் தயங்குபவர்கள் ஜார்ஜ்டவுன் மஸ்ஜித் நெகிரி சாலையில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம். உள்நாட்டு வாணிப அமைச்சிலும் புகார் கொடுக்கலாம், எண் 1-800-886-800. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, 14 நாளில் எதிர்த்தரப்பு அதை நிறைவேற்றவில்லை என்றால் அது குற்றம். நடுவர் மன்றத்துக்கே திரும்பிப் போய் அதைத் தெரிவியுங்கள்.